எக்ஸ்ரே சொல்லாதது: முழங்கால் மூட்டு மாற்று பற்றிய முடிவு

வெடிக்கும் நிலையிலுள்ள குடல்வாலைப் போலவோ அடைபட்ட இதய ரத்தக் குழாயைப் போலவோ தேய்ந்த முழங்கால் எவருடைய உயிரையும் பறிப்பதில்லை. முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சையைப் பிற பெரிய அறுவைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்த ஓர் உண்மைதான். அறுவையை ஆறு மாதம் தள்ளிப்போட்டாலும், கடைசிவரை செய்துகொள்ளாமலே இருந்துவிட்டாலும் நோயாளியின் உயிருக்குக் கேடில்லை என்பதால், செய்துகொள்வதா வேண்டாமா என்ற கேள்விக்கு மருத்துவ அறிவு மட்டும் விடை சொல்லிவிட முடியாது. எவ்வளவு வலியைப் பொறுப்பது, எந்த வேலையை விட்டுக்கொடுப்பது, எந்த ஆபத்துக்குத் துணிவது என்பவற்றை அந்த முழங்காலுக்கு உரியவர்தான் எடைபோட முடியும். நடைமுறையிலோ எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிய சில நிமிடங்களில், 'ஜவ்வு முழுக்கத் தேய்ந்துவிட்டது, எலும்போடு எலும்பு உரசுகிறது' என்ற ஒரு வாக்கியத்தோடு முடிவு பெரும்பாலும் எட்டப்பட்டுவிடுகிறது. இத்துறையில் கடந்த சில பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிப்பவருக்கு, அந்தப் படத்துக்கு இவ்வளவு அதிகாரம் தரப்பட்டிருப்பது நியாயமாகத் தோன்றாது.

தொடையெலும்பின் கீழ்முனையும் கணைக்கால் எலும்பின் மேல்முனையும் சந்திக்கும் இடத்தில், இரண்டின் பரப்பையும் குருத்தெலும்பு என்னும் வழவழப்பான படலம் மூடியிருக்கிறது. வயது, உடல் எடை, பழைய காயம், பரம்பரை, காலின் வளைவு முதலிய பல காரணங்களால் இப்படலம் மெலிந்து சிதைவதையே மருத்துவர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்றும் பொதுமக்கள் மூட்டுத் தேய்மானம் என்றும் குறிப்பிடுகின்றனர். வண்டிச் சக்கரம் தேய்வதுபோல இது உபயோகத்தால் மட்டும் நேரும் தேய்வு என்று நெடுங்காலம் கருதப்பட்டது. குருத்தெலும்பு, அதனடியிலுள்ள எலும்பு, மூட்டை உள்ளிருந்து போர்த்தியிருக்கும் மெல்லிய உறை, சுற்றியுள்ள தசை ஆகிய அனைத்தையும் பற்றிய நோய் என்றே இன்றைய ஆய்வாளர்கள் இதைக் கொள்கின்றனர். இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. குருத்தெலும்பில் வலியுணரும் நரம்புகள் இல்லை. அடியெலும்பிலிருந்தும், வீங்கிய உறையிலிருந்தும், தசைநார்களிலிருந்தும், நெடுநாள் வலியால் கூர்மையடைந்துவிட்ட நரம்பு மண்டலத்திலிருந்துமே வலி எழுகிறது. ஆகவே குருத்தெலும்பு எவ்வளவு போயிற்று என்பதும் ஒருவர் எவ்வளவு துன்பப்படுகிறார் என்பதும் வெவ்வேறு கேள்விகளாகின்றன.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு நேராகத் தெரிவதுமில்லை. நின்ற நிலையில் எடுத்த படத்தில் இரு எலும்புகளுக்கும் இடையே தெரியும் இடைவெளி குறைந்திருப்பதையும், விளிம்புகளில் எலும்பு முள்போலத் துருத்தியிருப்பதையும் வைத்தே தேய்மானம் ஊகிக்கப்படுகிறது. பிரிட்டனைச் சேர்ந்த கெல்க்ரென், லாரன்ஸ் என்னும் இருவர் 1957இல் இந்த அடையாளங்களைச் சுழியம் முதல் நான்கு வரையிலான படிநிலைகளாக வகுத்தனர். 'நாலாம் ஸ்டேஜ்' என்று இன்று நோயாளிகளே சொல்வது அந்த வகைப்பாட்டைத்தான். மக்கள்தொகை அளவிலான ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்படுவது என்னவென்றால், படத்தில் கடுமையான தேய்மானம் உள்ளவர்களில் கணிசமானோர் பெரிய வலியின்றி நடமாடுகின்றனர். படம் ஏறத்தாழச் சீராக இருக்கும் பலர் படியேற முடியாமல் தவிக்கின்றனர். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு நடமாட்டத்தோடு கூடும் வலி இருந்து, காலையில் மூட்டு இறுக்கம் இல்லாமலோ அரை மணிநேரத்துக்கு மேல் நீடிக்காமலோ இருந்தால், படமே எடுக்காமல் இந்நோயை உறுதி செய்யலாம் என்று இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அறுவை செய்வதென்று தீர்மானித்தபின் எங்கே எவ்வளவு வெட்டுவது என்று திட்டமிட எக்ஸ்ரே இன்றியமையாதது. தேய்மானம் மிகக் குறைவாக உள்ள மூட்டில் அறுவையின் பலனும் குறைவு என்பதால், எவருக்குச் செய்யக்கூடாது என்று தடுக்கவும் அது உதவும். எவருக்குச் செய்தே ஆகவேண்டும் என்று சொல்லும் ஆற்றல் அதற்கில்லை.

அறுவையின்போது உண்மையில் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்வது முடிவெடுப்பவருக்குப் பயன்தரும். பெயர் மூட்டு மாற்று என்றிருந்தாலும் மூட்டு முழுவதையும் எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதில்லை. முழங்காலின் முன்புறம் ஏறத்தாழ ஒரு சாண் நீளத்துக்குக் கீறி, சில்லை ஓரமாக ஒதுக்கி, தொடையெலும்பு முனையிலும் கணைக்கால் எலும்பின் தலைப்பிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சீவி எடுத்து, தொடையெலும்புக்குக் கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகத்தாலான வளைந்த உறையும் கணைக்கால் எலும்புக்கு ஓர் உலோகத் தட்டும் எலும்பு சிமெண்டால் ஒட்டப்படுகின்றன. இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக் பலகை அமர்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு மணிநேரத்தில் முடிந்துவிடும் இவ்வேலையின் நுட்பம் வெட்டுவதில் மட்டும் இல்லை. மடக்கும்போதும் நீட்டும்போதும் இருபுறத் தசைநார்களும் ஒரே இறுக்கத்தில் இருக்குமாறு சமன்செய்வதிலும் இருக்கிறது.

இந்த வடிவத்தை அடைய நெடுங்காலம் ஆனது. பெர்லினில் தெமிஸ்டோக்ளிஸ் கிளக் 1890இல் தந்தத்தால் கீல் செய்து முழங்காலில் பொருத்திப் பார்த்தார். காசநோய் அரித்த மூட்டுகளில் வைக்கப்பட்ட அவை நிலைக்கவில்லை. பின்வந்த உலோகக் கீல்கள் ஒரே அச்சில் மட்டும் அசைந்ததால் எலும்பிலிருந்து தளர்ந்து போயின. இடுப்பு மூட்டு மாற்றில் பிளாஸ்டிக்கையும் எலும்பு சிமெண்டையும் புகுத்திய ஜான் சார்ன்லியிடம் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய கனடாக்காரர் ஃபிராங்க் கன்ஸ்டன், 1960களின் இறுதியில், கீலே இல்லாமல் பரப்புகளை மட்டும் மாற்றும் வழியைக் கண்டார். 1974இல் நியூயார்க்கில் ஜான் இன்சால், சித்தரஞ்சன் ரணாவத், பீட்டர் வாக்கர் ஆகியோர் உருவாக்கிய வடிவமே இன்று உலகெங்கும் பொருத்தப்படும் செயற்கை மூட்டுகளின் மூதாதை. பிரதமராக இருந்த அடல் பிகாரி வாஜ்பாயிக்கு 2000ஆம் ஆண்டு அக்டோபரில் இடது முழங்காலிலும், 2001 ஜூனில் வலது முழங்காலிலும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் அறுவை செய்தவர் இந்த ரணாவத்தான். நாள்தோறும் செய்தித்தாள்களில் இடம்பெற்ற அந்த அறுவைகள் இந்திய நடுத்தரக் குடும்பங்களுக்கு இச்சிகிச்சையைப் பரவலாக அறிமுகப்படுத்தின.

பல பத்தாண்டுகளாகப் பல லட்சம் பேருக்குச் செய்யப்பட்ட பிறகும், அறுவை செய்தவரையும் செய்யாதவரையும் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் முறையான ஆய்வு ஒன்று 2015 வரை வெளிவரவில்லை என்பது வியப்புக்குரியது. அந்த ஆண்டு டென்மார்க்கில் சோரன் ஸ்கௌவும் அவருடைய குழுவினரும் அறுவைக்குத் தகுதியுடையவர்கள் என்று முடிவான 100 பேரை இரு பிரிவாக்கினர். இரு பிரிவினருக்கும் பன்னிரண்டு வாரம் உடற்பயிற்சி, நோய் பற்றிய கல்வி, உணவு ஆலோசனை, காலணி உள்தகடு, தேவைக்கேற்ற வலிமருந்து ஆகியவை அளிக்கப்பட்டன. ஒரு பிரிவினருக்கு மட்டும் அதற்குமுன் மூட்டு மாற்றும் செய்யப்பட்டது. வலி, அன்றாடச் செயல், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றைச் சேர்த்து நூற்றுக்குக் கணிக்கும் அளவுகோலில் ஓராண்டு முடிவில் அறுவைப் பிரிவு சராசரியாக 32.5 புள்ளியும் மற்றப் பிரிவு 16 புள்ளியும் முன்னேறியிருந்தன. அறுவை வெல்கிறது என்பதில் ஐயமில்லை. ஏறத்தாழ இரு மடங்கு முன்னேற்றம் அது.

ஆனால் அதே ஆய்வின் மற்ற எண்களையும் உடன்வைத்துப் படிக்கவேண்டும். அறுவையின்றிப் பயிற்சி மட்டும் பெற்றவர்களில் நான்கில் மூவர் அந்த ஓராண்டுக்குள் அறுவையை நாடவில்லை. 26 விழுக்காட்டினரே போதவில்லை என்று அறுவைக்கு மாறினர். நோயாளி உணரத்தக்க அளவு முன்னேற்றம் என்று கொள்ளப்படும் 15 விழுக்காட்டை அறுவைப் பிரிவில் 85 விழுக்காட்டினரும், மற்றப் பிரிவில் 68 விழுக்காட்டினரும் எட்டினர். கடுமையான பக்க விளைவுகளோ அறுவைப் பிரிவில் 24, மற்றதில் 6. கால் சிரையில் ரத்தம் உறைதல், மயக்க மருந்து கொடுத்து மடக்கவேண்டிய அளவுக்கு மூட்டு இறுகிப்போதல், ஆழ்ந்த கிருமித் தொற்று, எலும்பு முறிவு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஆய்வுக்கு முந்திய வாரத்தில் மிகக் கடுமையான வலியில் இருந்தவர்கள் இதில் சேர்க்கப்படவில்லை என்பதையும் மறக்கலாகாது; இரவில் வலியால் விழித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்து நடப்பவருக்கு இந்த முடிவுகள் அப்படியே பொருந்தா. கூடுதல் பலனும் கூடுதல் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன என்பதும், எதைத் தெரிவது என்பது அந்த ஆபத்தை ஒருவர் எப்படி மதிக்கிறார் என்பதைச் சார்ந்தது என்பதுமே இந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

மரண ஆபத்து சிறிது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் அறுவை முடிந்த 45 நாளுக்குள் இறப்பவர்கள் 2003இல் 0.37 விழுக்காடாக இருந்து 2011இல் 0.20 விழுக்காடாகக் குறைந்தனர். ஆழ்ந்த தொற்று நூற்றுக்கு ஒருவர் இருவருக்கு நேர்கிறது. நேர்ந்தால் பொருத்திய மூட்டையே கழற்றி, மருந்து கலந்த சிமெண்ட்டை இடைக்காலமாக வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவரிடமும் புகைபிடிப்பவரிடமும் இந்த ஆபத்து கூடுதல் என்பதால், அறுவைக்கு நாள் குறிப்பதற்குமுன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சொல்லும் மருத்துவரை நோயாளி நம்பலாம்.

இவற்றைவிட அதிகம் பேசப்படவேண்டியதும் குறைவாகவே பேசப்படுவதுமான செய்தி வேறொன்று. அறுவை முறைப்படி நடந்து, தொற்றின்றி, படத்தில் எல்லாம் சரியாக அமைந்த பிறகும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் மனநிறைவு அடைவதில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1,703 பேரைக் கேட்டு 2010இல் வெளியான ஆய்வில் இந்த எண் 19 விழுக்காடு. பிற நாட்டு ஆய்வுகளும் இதையொட்டியே வருகின்றன. நிறைவின்மைக்கு ஒன்டாரியோ ஆய்வு கண்ட மிக வலுவான காரணம், அறுவைக்கு முன்பிருந்த எதிர்பார்ப்பு நிறைவேறாமற் போனது. இடுப்பிலோ முதுகிலோ வேறு வலி இருத்தல், மனச்சோர்வு, அறுவைக்கு முன்பே வலி குறைவாக இருந்தமை ஆகியவையும் பல ஆய்வுகளில் காரணங்களாகத் தெரிகின்றன. கடைசியாகச் சொன்னது முதல் பார்வைக்கு முரணாகப் படலாம்: குறைவான துன்பத்தோடு அறுவைக்குப் போகிறவர் இழப்பதற்கு அதிகமும் பெறுவதற்குக் குறைவும் வைத்திருக்கிறார் என்பதுதான் அதன் பொருள்.

எதிர்பார்ப்பு என்று பொதுவாகச் சொல்வதைத் தமிழ்நாட்டு வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் அதன் கனம் விளங்கும். செயற்கை முழங்கால் பெரும்பாலும் 110 முதல் 120 பாகை வரை மடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழவும் மாடிப்படி ஏறவும் பேருந்தில் கால்வைத்து ஏறவும் இது தாராளமாகப் போதும்; சம்மணமிட்டு உட்காரவும் குத்துக்காலிட்டு அமரவும் போதாது. அரிவாள்மணையின் முன் அமர்ந்து காய் நறுக்குவது, வாசலில் குந்திக் கோலமிடுவது, வயலில் களையெடுப்பது, பந்தியில் இலைமுன் உட்காருவது, தொழுகையில் மண்டியிட்டுத் தரையில் நெற்றி பதிப்பது, இந்தியன் கழிப்பறையைப் பயன்படுத்துவது ஆகிய அனைத்துக்கும் அதைவிடக் கூடுதலான மடக்கமோ, முழங்காலின்மீது உடல் எடையைச் சுமத்தும் துணிவோ வேண்டும். மண்டியிடுவது பலருக்கு மருத்துவரீதியாகத் தடைசெய்யப்படாவிட்டாலும், தழும்பின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருப்பதாலும் உள்ளே ஏதோ அன்னியப் பொருள் இருப்பதான உணர்வாலும் அவர்கள் அதைத் தவிர்த்துவிடுகின்றனர். நன்கு மடங்கும் என்று சிறப்பாக விற்கப்படும் 'ஹை ஃப்ளெக்ஸ்' மூட்டுகள், ஒப்பாய்வுகளில் குறிப்பிடத்தக்க கூடுதல் மடக்கத்தைத் தந்ததாகத் தெரியவில்லை; அறுவைக்குப் பின் எவ்வளவு மடங்கும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியது என்பதே. ஆகவே வலி குறைந்து நடை திரும்பவேண்டும் என்று கேட்பவருக்கு இந்த அறுவை பெரும்பாலும் கேட்டதைக் கொடுக்கும். பழையபடி தரையில் உட்காரவேண்டும் என்று கேட்பவருக்கு அது கொடுக்க முடியாததை முன்கூட்டியே சொல்லியாகவேண்டும். கழிப்பறையை மாற்றிக் கட்டுவதும், கட்டிலையும் நாற்காலியையும் சற்று உயர்த்துவதும் அறுவைக்கு முன்னரே முடிக்கவேண்டிய வேலைகள். அறுவை அறைக்குப் போகும் நாளில் வீட்டில் யாரும் நினைத்துப்பார்க்காத வேலைகளும் இவையே.

எப்போது செய்வது என்ற கேள்வியில் இரு திசையிலும் தவறு நிகழ்கிறது. வலியின் அளவு, வயது, படத்தின் நிலை, மூட்டின் நிலைத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு தகுதியைக் கணிக்கும் ஒரு முறையை அமெரிக்காவில் மூட்டு மாற்று செய்துகொண்ட 205 பேரிடம் பொருத்திப் பார்த்த டேனியல் ரிடில் குழுவினர், 44 விழுக்காட்டினருக்கு அறுவை பொருத்தமானது, 22 விழுக்காட்டினரிடம் தெளிவில்லை, 34 விழுக்காட்டினருக்குப் பொருத்தமற்றது என்று 2014இல் எழுதினர். அந்த மூன்றிலொரு பங்கினர் பெரும்பாலும் லேசான வலியோடு, சீக்கிரமே போனவர்கள். அதற்கு நேரெதிராக, ஒன்டாரியோவில் கில்லியன் ஹாக்கர் நடத்திய ஆய்வில், கடும் மூட்டுநோயால் துன்பப்படுவோரில்கூட அறுவைக்கு உறுதியாகச் சம்மதம் என்றவர்கள் 15 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மிகவும் தாமதிப்பதற்கும் விலை உண்டு: பல ஆண்டு பயன்படுத்தாத தொடைத்தசை மெலிந்துவிடும், கால் வில்போல வளைந்து நிலைபெற்றால் திருத்துவது கடினமாகும், அறுவைக்கு முன் மிக மோசமாக இயங்கியவர் அதற்குப் பின் எட்டும் நிலையும் சராசரியைவிடத் தாழ்வாகவே இருக்கும். ஆகவே 'தாங்க முடிகிறவரை தாங்கிப் பார்' என்ற பழைய அறிவுரை பாதி மட்டுமே சரி.

வயது இந்தக் கணக்கில் வேறொரு வழியாக நுழைகிறது. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து ஆகிய நாடுகளின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2019இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, முழு மூட்டு மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன என்று கணித்தது. பத்துப் பதினைந்து ஆண்டுதான் வரும் என்று இன்னும் நம்பப்படும் செய்தி அதனால் காலாவதியாகிவிட்டது. எனினும் எழுபதைக் கடந்தவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு என்றால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அறுவை செய்துகொள்ளும் ஆணுக்கு அது ஏறத்தாழ 35 விழுக்காடு என்று பிரிட்டிஷ் தரவுகளைக் கொண்ட 2017ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மறு அறுவை முதல் அறுவையைவிடக் கடினமானது, பலனும் குறைந்தது. முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்தவருக்கு அப்பக்கத்தை மட்டும் மாற்றும் பகுதி மாற்று ஒரு வழியாக இருக்கிறது. பிரிட்டனில் 528 பேரிடம் நடந்த டாப்காட் என்னும் ஆய்வு ஐந்தாண்டு முடிவில் இரு முறைகளும் ஏறத்தாழச் சமமான பலன் தந்ததாகவும், பகுதி மாற்றுக்குச் செலவு குறைவென்றும் கண்டது. ஆனால் நீண்ட காலத்தில் பகுதி மாற்றுகளுக்கு மறு அறுவை கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அறுவைக்கு முன் எதையெல்லாம் முயன்றிருக்கவேண்டும் என்பதில் இப்போது ஓரளவு தெளிவு பிறந்திருக்கிறது. தொடைத்தசையை வலுப்படுத்தும் பயிற்சியும், அதிக எடையுள்ளவருக்கு எடைக் குறைப்பும் முதலிடத்தில் நிற்கின்றன; ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது. செமாகுளூடைட் என்ற எடைக்குறைப்பு மருந்து, உடற்பருமனோடு மூட்டுத் தேய்மானமும் உள்ள 407 பேரிடம் வலியைக் குறிப்பிடத்தக்க அளவு தணித்ததாக 2024இல் வந்த ஆய்வு இந்த வாதத்துக்கு மேலும் வலுச் சேர்க்கிறது. மறுபுறம், நுண்துளை வழியே மூட்டைக் கழுவிச் சீர்செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி தேய்மானத்துக்குப் பயனற்றது என்பதை ஹூஸ்டனில் 180 பேரிடம் நடந்த ஆய்வு 2002இலேயே மெய்ப்பித்தது. தோலில் மட்டும் கீறித் தைத்து அனுப்பியவர்களும் உண்மையான சிகிச்சை பெற்றவர்களும் ஒரே அளவில்தான் குணமடைந்திருந்தனர். ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். நோயாளியின் ரத்தத்திலிருந்தே எடுத்துச் செலுத்தப்படும் பிளேட்லெட் ஊசி, ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் வெறும் உப்புநீர் ஊசியைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. நம் நகரங்களில் அது விற்கப்படும் விலையை எண்ணினால் இந்தத் தகவல் காத்திருப்பறைச் சுவரில் ஒட்டத்தக்கது.

எவரிடம் இந்த அறுவை பற்றிப் பேசப்படுகிறது என்பதிலும் சாய்வு உண்டு. ஒன்டாரியோவில் கொர்னீலியா போர்காஃப் குழுவினர் ஒரே வகை மிதமான தேய்மானம் கொண்ட ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும், ஒரே நோய் வரலாற்றைச் சொல்லப் பயிற்றுவித்து, 71 மருத்துவர்களிடம் தனித்தனியே அனுப்பினர். ஆணுக்கு மூட்டு மாற்றைப் பரிந்துரைத்தவர்கள் 67 விழுக்காடு. பெண்ணுக்கு 33 விழுக்காடு. 2008இல் வெளியான இந்த முடிவு, மருத்துவர்கள் வேண்டுமென்றே பாகுபாடு காட்டினர் என்று சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தைப் பெண் சொல்லும்போது அது வேறு எடையில் கேட்கப்படுகிறது என்பதையே சொல்கிறது. தமிழ்நாட்டில் இதன் வடிவம் சற்று மாறுகிறது. ஆலோசனை அறையில் தாய்க்குப் பதிலாக மகனோ மருமகளோ பேசுவதும், மருத்துவரும் அவர்களைப் பார்த்தே விடையளிப்பதும் வழக்கம். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, இரவில் தூக்கம் கெடுகிறதா, எந்த வேலையை விட்டுவிட்டார் என்ற கேள்விகளுக்கு உண்மையான விடை தெரிந்தவர் ஓரமாக நாற்காலியில் அமர்ந்திருப்பார்.

இதை மாற்றும் முயற்சிகளும் நடந்துள்ளன. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் குரூப் ஹெல்த் என்னும் மருத்துவ அமைப்பு, அறுவையின் பலன், ஆபத்து, மாற்று வழிகள் ஆகியவற்றைச் சாய்வின்றி விளக்கும் படக்காட்சிகளையும் கையேடுகளையும் நோயாளிகளுக்கு முன்கூட்டியே கொடுக்கத் தொடங்கியது. அதன்பின் வந்த ஆறு மாத காலத்தில் முழங்கால் மாற்றுகள் முன்பைவிட 38 விழுக்காடு குறைந்தன என்று 2012இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. அறுவை குறைந்ததே நன்மை என்று இதைப் படிப்பது பிழையாகும். பெண்களும் ஏழைகளும் தேவையிருந்தும் அறுவை பெறாத இடத்தில் நடுநிலையான தகவல் அந்த எண்ணிக்கையை உயர்த்தவும் கூடும். முழுத் தகவலும் கிடைத்தவர்களில் பலர் தகவலின்றி எடுத்திருக்கக்கூடிய முடிவிலிருந்து வேறுபட்ட முடிவை எடுத்தனர் என்பதே கவனிக்கவேண்டியது. வலி, நடை, படியேறுதல், கடைக்குப் போதல் முதலியவற்றைப் பன்னிரண்டு கேள்விகளால் அளந்து 48 புள்ளிக்குக் கணிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பீட்டை வீட்டிலேயே நிரப்பி, மூன்று மாத இடைவெளியில் இருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது, எக்ஸ்ரேயை இருமுறை எடுப்பதைவிட முடிவுக்கு அதிகம் உதவும். அக்கேள்விகளோடு தரையில் அமர்தல் பற்றி நம் வாழ்க்கைக்கு ஏற்ற இரண்டொரு கேள்விகளையும் சேர்த்துக்கொள்வது நலம்.

இனிச் செலவு. இந்தியத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் செயற்கை முழங்கால்களுக்கு உச்ச விலை விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமிய மூட்டின் விலை, வரி நீங்கலாக, 54,720 ரூபாய்க்குள் கட்டுப்படுத்தப்பட்டது. ஒரு பொருளுக்கு அதுவரை எவ்வளவு கூடுதலாக வாங்கப்பட்டது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய தருணம் அது. மூட்டின் விலை குறைந்ததே தவிர அறுவை அறைக் கட்டணம், அறை வாடகை, இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றுக்கு அத்தகைய வரம்பில்லை. போட்டியும் அப்பக்கம் நகர்ந்து, இப்போது ரோபோ துணையுடன் செய்யப்படும் அறுவையே விளம்பரங்களின் மையமாக இருக்கிறது. ரோபோ, எலும்பைத் திட்டமிட்ட கோணத்தில் துல்லியமாக வெட்ட உதவுகிறது என்பது உண்மை. ஆனால் தென்கொரியாவில் 1,406 பேரைச் சேர்த்து, சராசரியாக 13 ஆண்டு பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், வலியிலோ செயல்பாட்டிலோ மூட்டின் ஆயுளிலோ ரோபோ முறைக்கும் வழக்கமான முறைக்கும் வேறுபாடு தென்படவில்லை. அந்த ஆய்வில் பயன்பட்ட கருவி பழைய தலைமுறையைச் சேர்ந்தது என்று எதிர்வாதம் சொல்லப்படுகிறது; புதிய கருவி அதைவிட மேலானது என்று காட்டும் பொறுப்பு அதற்குக் கூடுதல் கட்டணம் வாங்குபவர்களுடையது.

இரு முழங்காலும் தேய்ந்தவரிடம் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம் என்று பரிந்துரைப்பதும் இங்கே பரவலாக இருக்கிறது. ஒரே மயக்கமருந்து, ஒரே மருத்துவமனைவாசம், குறைந்த மொத்தச் செலவு என்பன அதன் வலுவான வாதங்கள். ரத்த இழப்பும் இதயம், நுரையீரல் சார்ந்த சிக்கல்களும் கூடுதல் என்பது எதிர்வாதம். எழுபத்தைந்தைத் தாண்டியவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் எதிர்வாதமே மேலோங்கும். மேலும், முதல் காலின் அனுபவம்தான் இரண்டாவது கால் பற்றிய முடிவுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல தகவல். இரண்டையும் ஒருசேரச் செய்பவர் அந்தத் தகவலைக் கையில் எடுக்காமலே முடிவெடுக்கிறார். முதல் கால் வலி நீங்கியபின் மற்றக் காலைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு.

மருத்துவமனைப் பில்லில் வராத ஒரு செலவு மீந்திருக்கிறது. அறுவைக்கு மறுநாளே வாக்கர் பிடித்து நடக்கவைத்து, மூன்று நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகின்றனர். ஆனால் கைத்தடியை விட ஆறு வாரமும், வலியும் வீக்கமும் பெரிதும் அடங்க மூன்று மாதமும், முழுப் பலன் தெரிய ஓராண்டும் ஆகிறது. முதல் ஆறு வாரம் நாள்தோறும் பலமுறை, வலியோடு, முழங்காலை மடக்கிப் பழகவேண்டும். அதைத் தவறவிட்டவரின் மூட்டு இறுகிப்போய்விடும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் அறுவை செலவின்றி நடக்கலாம். வீட்டில் சமைப்பவரும், பேரக் குழந்தையைப் பள்ளிக்கு விடுபவரும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுபவரும் அந்த முழங்காலுக்கு உரியவரே என்றால், அந்த ஆறு வாரமும் அவ்வேலைகளை யார் செய்வது என்பதைக் காப்பீடு கேட்பதில்லை. அறுபதைக் கடந்த பெண்கள் பலர் 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று சொல்வதை அறுவை பயம் என்று மருத்துவர் குறித்துக்கொள்கிறார். அந்த விடையின் காரணத்தைத் தெரிந்துகொள்ள, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கேள்வி கேட்டாலே போதும்.